மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சி

பதினோரு மணிக்கு நாகஜோதிக்குப் பள்ளிக்கூட அடுப்பு ஞாபகம் வந்தது. முட்டை இந்நேரம் வெந்திருக்கும். நூற்றுப் பன்னிரண்டு முட்டை. இன்றைக்கு அவள் லீவு போட்டிருந்ததால் சத்துணவுக் கூடத்தில் உதவியாள் பேச்சியம்மாள் மட்டும்தான், வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போடமாட்டாள், சூட்டோடு உரிக்கிறேன் என்று பாதி வெள்ளையை ஓட்டோடு பிய்த்துக் குப்பையில் போடுவாள், பிள்ளைகள் பள்ளம் விழுந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று பார்க்கும். ஒரு நாள்தானே, போகட்டும். குடும்ப நல நீதிமன்றத்தின் மாடி வராந்தாவில் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்து அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. மடியில் பை, பையில் ஆதார் அட்டை, தண்ணீர் பாட்டில், நான்காக மடித்த அவளுடைய சாட்சி வாக்குமூலத்தின் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸை இன்று காலையில் இருந்து மூன்று தடவை எடுத்துப் படித்துவிட்டாள், மூன்று தடவையும் எட்டாவது பத்தியில் வந்ததும் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். ஏழாவது பத்தி வரைக்கும் ஒன்றும் தொந்தரவு இல்லை. நான் மனுதாரரின் உடன்பிறந்த தமக்கை, நிஜம். மனுதாரரின் வீட்டில் பதினேழு வருடங்களாக வசித்து வருகிறேன், நிஜம். எதிர்மனுதாரர் எவர்சில்வர் டம்ளரை வீசியதில் மனுதாரருக்கு இடது புருவத்தில் காயம் ஏற்பட்டதை நேரில் பார்த்தேன், அதுவும் நிஜம், ரத்தத்தை அவள்தான் துண்டால் அழுத்திப் பிடித்தாள், இன்றைக்கும் தம்பி முகத்தில் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. எட்டாவது பத்தி ஒரே ஒரு வரி. மனுதாரர் எக்காலத்திலும் எதிர்மனுதாரர் மீது கை நீட்டியதை நான் பார்த்ததில்லை. எக்காலத்திலும் என்ற வார்த்தையை அவள் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் அதன் கீழே அவள் கையெழுத்து இருந்தது. ஜோதியில் 'ஜோ' கொஞ்சம் கோணிக்கொண்டு.

ராஜாங்கம் பக்கத்தில்தான் நின்றான். உட்காரவில்லை. காலேஜ் பஸ் ஓட்டுகிறவன், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இறங்கினால் நிற்கத்தான் பிடிக்கும் அவனுக்கு. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். அக்காதான் தேய்த்துக் கொடுத்தாள். "காப்பி வேணுமாக்கா?" என்றான். வேண்டாம் என்றாள். "பயமா இருக்கா?" இல்லை என்றாள். "பயப்படாத. கேட்டதுக்கு மட்டும் பதில். தெரியாதுன்னா தெரியாது. ஜட்ஜும் பொம்பள, நம்மளப் பார்த்தாலே அவங்களுக்கு ஆகாது, ஆனா நீ சொன்னா நம்புவாங்க." இதையேதான் வக்கீலம்மாவும் சொன்னாள். கஸ்தூரி என்று பெயர், நாற்பது வயது இருக்கும், ஆபீஸில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பேசினாள். ஆம்பளைக்கு ஆம்பளை வந்து பரிஞ்சு பேசினா கோர்ட்டு காதுல ஏறாதும்மா, அதனாலதான் உங்க தம்பி பொம்பள வக்கீலாத் தேடி என்கிட்ட வந்தாரு, கூடப் பொறந்தவங்க, அதே வீட்டுல இருந்தவங்க, அதுவும் புருசன்கிட்ட அடி வாங்கிட்டு வந்தவங்க, உங்கள விட நல்ல சாட்சி யாரு கிடைப்பா. அடி வாங்கிட்டு வந்தவங்க. சொல்லிவிட்டுக் கடலைத் தோலை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். அதுவரை அந்த அடிகளை யாரும் ஒரு தகுதியாகச் சொல்லி நாகஜோதி கேட்டதில்லை. எட்டு வருடம் வாங்கியது ஒரு டிகிரி போல அந்த மேஜையில் வந்து உட்கார்ந்தது. பெருமையா அவமானமா என்று தெரியாமல் பேனாவை வாங்கினாள், அந்த நேரத்தில் 'ஜோ' கோணிக்கொண்டது.

எதிர்ப் பெஞ்சில், தூணுக்குப் பின்னால், பாதி உடம்பு தெரியும்படி ரேணுகா உட்கார்ந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி. பதினொரு மாதத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில். இளைத்திருந்தாள். இல்லை, முடியை இழுத்துப் பின்னியிருப்பதால் அப்படித் தெரிகிறதா. பிள்ளையைக் கூட்டி வரவில்லை, பள்ளிக்கூட நாள். மிதுனா இந்நேரம் ரெண்டாம் வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பாள், புதுப் பள்ளிக்கூடத்தில் யார் அவளுக்கு டப்பாவைத் திறந்துகொடுக்கிறார்கள், மூடி இறுக்கமாக இருந்தால் அழுதுவிடுவாளே. ஏழு வருடம் அவளுக்கு எண்ணெய் தேய்த்தது, சீலை மடியில் தூங்கவைத்தது, அத்தை அத்தை என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் அது ஓடியது, எல்லாம் ஒரு ஆட்டோவில் ஏறி ரேணுகாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. நீங்க சரியாச் சொன்னா சனி ஞாயிறாவது பிள்ளை நம்மகிட்ட வரும்மா, என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். சனி ஞாயிறு. சனிக்கிழமை காலையில் இட்லி ஊற்றி, தலைக்குத் தண்ணீர் விட்டு, ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் அந்தப் பிள்ளையின் வாசனை வீட்டில் இருக்கும். அதற்கு ஒரு வரி. ஒரே ஒரு எக்காலத்திலும். பக்கத்தில் யாரோ ஒருவன், தாடி வைத்தவன், காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தான், இந்த மாடி ஏறுன ஆம்பளைக்கு நியாயம் கிடையாது சார், படியேறும்போதே தீர்ப்பு எழுதிருவாங்க. அவனுக்கு ரெண்டு ஆள் தள்ளி இருந்த ஒரு அம்மாள் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நாலு வருசமா நடக்கேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருக்கு ஒரு காரணம் சொல்லி விட்டுக்கொடுக்காங்க, பொம்பளைக்கு இங்க என்ன இருக்கு, என்றாள் தன் அம்மாவிடம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே பெஞ்சுதான்.

யாருக்கு நியாயம். நாகஜோதி ஒரே ஒரு தடவை நியாயம் கேட்டுப் போயிருக்கிறாள், வாழப்போன ஊரில், மகளிர் காவல் நிலையத்துக்கு. இருபத்தெட்டு வயது. இடது கைச் சுண்டுவிரலைப் புருசன் சண்முகவேல் பின்பக்கமாக வளைத்ததில் அது வீங்கி நாவல்பழம் மாதிரி நின்றது. அங்கே எல்லோரும் பொம்பளைகள், அதுதான் தைரியம். ஆனால் அவனை வரச்சொல்லி, வந்ததும் நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொன்னாள் இன்ஸ்பெக்டரம்மா. அவனுக்கு டீ. இவள் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இல்லேன்னா ஆம்பளைக்கு ஒரு ஆத்திரம் இருக்கத்தாம்மா செய்யும், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ, என்றாள் அந்த அம்மா. விரலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். விரலைப் பார்க்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. பிறகு ரெண்டு வருடம். விரல் அப்படியே கோணலாகச் சேர்ந்துவிட்டது, இப்போது முட்டை உரிக்கும்போது அது தனியாக விலகி நிற்கும், வேலை செய்யாத ஆள் மாதிரி. அதே மாதிரி இன்னொரு நிலையம், போன வருடம். ரேணுகா எழுதிக்கொடுத்த புகாருக்கு ராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள். காலையில் போனவன் சாயங்காலம் வந்தான். நாற்காலி இல்லை. டீ இல்லை. ஏண்டா, உனக்குக் கை ரொம்ப நீளமோ, என்று வாசலில் வைத்தே ஆரம்பித்தார்களாம். வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "என்னை ஒரு வார்த்தை கேக்கலக்கா. என்னடா நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை. இந்தப் புருவத்தைக் காட்டுனேன். பொம்பள வீசுனதெல்லாம் ஒரு காயமான்னு சிரிக்கிறாங்க" என்றான். அழுதான். நாற்பது தாண்டிய ஆள், சோற்றில் கை வைத்தபடி. அவளுக்கு நெஞ்சு அடைத்தது. அது பொய்யில்லை, அன்றைக்கு அவனுக்காக அடைத்தது நிஜம்தான். ஆனால் அவன் அழ அழ, இவள் உள்ளே ஒரு மூலையில், என்னையும்தானே கேட்கவில்லை என்று ஒன்று முனகியது. அப்போது சண்முகவேலுக்கு டீ கொடுத்தார்கள், இப்போது இவனுக்குக் கொடுக்கவில்லை. டீ இடம் மாறிவிட்டது. என்ன நடந்தது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

உள்ளே நீதிபதி தும்மினார். கதவுக்கு வெளியே கேட்டது. டவாலி எட்டிப் பார்த்து யாரோ ரெண்டு பேரைக் கூப்பிட்டார், கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல ஆண் பெயரும் பெண் பெயரும் சேர்த்து. அவர்கள் இல்லை. ராஜாங்கம் செல்போனைப் பார்த்தான். அந்தக் கைதான் பதினேழு வருடத்துக்கு முந்தி ஒரு குட்டியானை வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கியது. அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது, மீசை சரியாக வரவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, எப்படியோ தெரிந்து வந்தான். வந்து, சண்முகவேலிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவளிடமும் எதுவும் கேட்காமல், பீரோ, தையல் மிஷின், ரெண்டு அண்டா, ஒரு கட்டில் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினான். கடைசியில் "ஏறுக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் இதுநாள்வரை உட்கார்ந்திருக்கிறாள். அவன் கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கென்று இருந்த சின்ன அறையை யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டான், ரேணுகாவிடமும் சொன்னான். கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சண்முகவேலும் ஊருக்குள் நல்லவன்தான், தங்கச்சிக்கு உயிரைக் கொடுப்பான். தங்கச்சிகளுக்கும் அக்காக்களுக்கும் எல்லோரும் நல்லவர்கள். சண்முகவேலின் தங்கச்சி அந்த வீட்டில்தானே இருந்தாள், அடுத்த அறையில், கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் சத்தம் கேட்கும், வெளியே வரமாட்டாள். அவளை எத்தனை வருடம் திட்டியிருக்கிறாள் மனதுக்குள். ஒரு தடவை கதவைத் திறந்திருக்கலாமே, பாவி. திறந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. வேண்டாம். கறி எடுத்திருந்தார்கள், இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள் ரேணுகா. பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்று யோசித்தால் எதுவும் பெரிதாக இல்லை, ரேணுகா தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றாள், எவன் சொல்லிக்கொடுக்கிறான் என்று இவன் கேட்டான், அவ்வளவு. நாகஜோதி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் அங்கே திறக்கும். நிமிர்ந்தபோது தம்பியின் கையில் ரேணுகாவின் பின்னல் இருந்தது, கயிறு பிடிப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றி. அப்புறம் சுவர். ஒரு தடவை. இரண்டாவது தடவை. ரேணுகா கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் வழியாக அவள் கண் வெளியே வந்தது. மதினி என்று வாய் அசைந்தது. நாகஜோதியின் கையில் பிழிந்து பாதி முடித்த பாவாடை, பிள்ளையின் பாவாடை, மஞ்சள் பூப்போட்டது, அதை உதறிக் கொடியில் போட்டாள். உதறிப் போட்டாள்! கிளிப்பும் மாட்டினாள். அப்புறம் கூடத்துக்கு வந்தாள், சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள். மொட்டை மாடியில் வெயில், வற்றல் காயப்போட்டிருந்தது. பிள்ளை கேட்டது. பிள்ளை அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டது. வேண்டாம். முட்டையை இந்நேரம் உரித்து முடித்திருப்பாள். பருப்பை இறக்கிச் சாம்பாரைக் கூட்டியிருப்பாள், உப்பு பார்க்கமாட்டாள், பேச்சியம்மாளுக்கு உப்பே பிடிபடாது.

"ராஜாங்கம்... ரேணுகா...! ராஜாங்கம்... ரேணுகா...!"

உள்ளே நினைத்ததைவிடச் சின்ன அறை. கூண்டு என்று சொன்னார்களே தவிர இடுப்பளவு மரத்தடுப்புத்தான், மேல்கட்டையில் ஆயிரம் பேர் பிடித்துப் பிடித்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. நீதிபதி அம்மாவுக்குச் சளி, மூக்கைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே தலையாட்டினார். சத்தியம் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். ரேணுகாவின் வக்கீல் வயதான மனிதர், சட்டை காலரில் நூல் பிரிந்திருந்தது, சத்தமே போடவில்லை. சத்தம் போடுவார், மிரட்டுவார் என்று வக்கீலம்மா சொல்லி வைத்திருந்ததால் அவள் அதற்குத்தான் தயாராக இருந்தாள்.

"இந்த வாக்குமூலம் நீங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"டம்ளர் விஷயம்?"

"நிஜங்கய்யா. புருவத்துல பட்டுச்சு. நாந்தான் பார்த்தேன்."

"சரி. அதை நாங்க மறுக்கல. அந்த ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க வீட்டுல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பிள்ளையத் தூக்கிட்டு மாடிக்குப் போனீங்களா?"

வக்கீலம்மா இதைச் சொல்லித்தரவில்லை. நாகஜோதி ரேணுகாவைப் பார்க்கவில்லை. "போனேன்" என்றாள்.

"பிள்ளை உங்ககிட்ட ஏதோ கேட்டுச்சாமே. நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

கீழ என்னத்த சத்தம். அப்படித்தான் கேட்டது. கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, அத்தை, கீழ என்னத்த சத்தம், அப்பா அம்மாவ அடிக்கிறாரா. பிள்ளையின் விரலில் சிலேட்டுக்குச்சி வாசனை. இதை ரேணுகாவிடம் பிள்ளை சொல்லியிருக்கிறது. பதினொரு மாதமாக அது ஒரு வீட்டில் பேசப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, அவள் தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தது.

"சாமான் விழுந்துருச்சுன்னு சொன்னேங்கய்யா."

"என்ன சாமான்மா?"

எத்தனை சாமான் இருக்கிறது ஒரு வீட்டில். குண்டான், சட்டி, இட்லிக் கொப்பரை. எது விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று இருபது வருடம் அடுப்படியில் நின்றவளுக்குத் தெரியாதா. ஒன்றைச் சொன்னால் முடிந்தது. கொப்பரை என்றால் கொப்பரை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், தம்பி வெளியே வந்து காப்பி வாங்கித் தருவான், சனிக்கிழமை பிள்ளை வரும். வரும். வந்து ஒரு நாள், பெரியவளான பிறகு, கன்னத்தைத் திருப்பிக் கேட்காமல், தள்ளி நின்று பார்க்கும். அவள் வாயைத் திறந்தாள். கொப்பரை வரவில்லை. நீதிபதி அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி குடிக்கிறீங்களா? அவசரமில்ல. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க."

என்ன நடந்துச்சோ. அந்த வார்த்தை எங்கோ கால்வரைக்கும் இறங்கியது.

"ஒரு சாமானும் விழல" என்றாள் நாகஜோதி. "என் தம்பி அவ பின்னலப் பிடிச்சு சுவத்துல மோதுனான். ரெண்டு தடவ. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். பார்த்துட்டு மாடிக்குப் போயிட்டேன்."

டைப் அடிக்கிற பெண்ணின் விரல் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. வக்கீலம்மா எழுந்து ஏதோ சொன்னாள், இந்தச் சாட்சியைப் பிறழ் சாட்சியென்று அறிவிக்கணும் என்றாள், பிறழ் என்றால் என்னவென்று நாகஜோதிக்குச் சரியாகப் புரியவில்லை, புரண்டு விழுவதுபோல ஏதோ. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். திரும்பவில்லை. யாருடைய காலடி என்று திரும்பாமலே தெரிந்தது. செருப்பைத் தரையில் தேய்த்து நடக்கிற ஆள் அவன் ஒருவன்தான். அந்தச் சத்தம் கதவு வரைக்கும் போய், கொஞ்சம் நின்று, படியில் இறங்கியது. அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று இனிமேல் யார் சொல்வார்கள். வக்கீலம்மா கேள்விமேல் கேள்வி கேட்டாள், உங்களுக்கு யாராவது பணம் கொடுத்தாங்களா, ரேணுகா வீட்டுக்குப் போய் வந்தீங்களா, இல்லை, இல்லை என்றே சொன்னாள். பிறகு அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க என்றார் கிளார்க். அவள் படித்தாள். அவள் பேச்சு அங்கே வேறு தமிழில் இருந்தது, தலையை இருமுறை சுவரில் மோதியதைக் கண்டேன், என்று. கண்டேன். ஒரு பொம்பளை வாங்கிய அடி ஒரு தாளில், நம்பரோடு, சீலோடு. கோணல் சுண்டுவிரலைத் தாளின்மேல் அழுத்திவைத்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டாள். நாலு பக்கம்.

வெளியே வந்தால் அவன் இல்லை. கீழே எட்டிப் பார்த்தாள், வேப்பமரத்தடியில் அவன் வண்டி நின்ற இடத்தில் வேறொரு வண்டி நின்றது. வக்கீலம்மா கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "அவ டம்ளர் வீசுனது ஒரு மூலைக்குப் போயிரும், இது மட்டும்தான் நிக்கும். உங்க தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா, உங்களுக்குத் தெரியும்" என்றாள். தெரியும் என்று தலையாட்டினாள் நாகஜோதி. அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தாடிக்காரன் போய்விட்டான், கைக்குழந்தை அம்மாள் மட்டும் சுவரில் சாய்ந்து தூங்கினாள். பசித்தது. இப்படி ஒரு நேரத்தில் பசிக்குமா என்று வெட்கமாக இருந்தது.

ரேணுகா வந்து முன்னால் நின்றாள். கையைப் பிடிப்பாள் என்றோ, அழுவாள் என்றோ நாகஜோதி நினைத்திருக்கவேண்டும், ஏனென்றால் தன் கை தானாகப் பையின் மேலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தாள். ரேணுகா பிடிக்கவில்லை. முடியை இழுத்துப் பின்னியதால் இல்லை, பக்கத்தில் பார்த்தால் இளைத்துத்தான் இருந்தாள்.

"அன்னைக்கு ஏன் மதினி கீழ வரல?"

கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப நாளாக வைத்திருந்து கேட்பதுபோல, தேய்ந்த குரலில் கேட்டாள். பயமாக இருந்தது, கை ஈரமாக இருந்தது, பிள்ளை பார்த்துவிடக்கூடாது என்று நினைத்தேன், எல்லாமே வாய்வரைக்கும் வந்தன. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நிஜம்.

"எனக்கு வேற வீடு இல்ல, ரேணுகா."

ரேணுகா தலையாட்டினாள். அவளுடைய வக்கீல் படிக்கட்டுப் பக்கம் நின்று கூப்பிட்டார். போகத் திரும்பியவள் நின்றாள்.

"இப்ப?"

நாகஜோதி யோசித்துப் பார்த்தாள். வீட்டுச் சாவி பையில்தான் இருந்தது. ராஜாங்கம் சாயங்காலம் வருவான், வராமலும் இருப்பான்.

"இப்பவும் இல்ல" என்றாள்.